வெள்ளிக்கிழமைப் பச்சை

வடக்கனந்தல் செவ்வந்திக்குப் புருஷன் போய் நாலு வருஷமாகிறது. ஊர் வழக்கப்படி பூவை விட்டாள், பொட்டை விட்டாள். மஞ்சளையும் விட்டுவிட்டாள் என்றுதான் மாமியார் நம்பினாள். வெள்ளிக்கிழமைதோறும் குளிக்கும்போது கொஞ்சம் மஞ்சள் உரசி முகத்தில் பூசி, நிறம் தெரியாமல் கழுவிவிட்டு வேலைக்குக் கிளம்புவது அவளுக்கு மட்டுமே தெரியும்.

வேலை, ஒரு மருத்துவக் கல்லூரியின் லேசர் நுண்ணோக்கி அறையில். எலியின் திசுச் சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தருவாள். கையுறை மாட்டினால் சீவல் கிழிகிறதென்று ஒரு மாதமாக வெறுங்கையால்தான் செய்கிறாள். டாக்டர் கமலா அதன்மேல் லேசரைப் புள்ளி புள்ளியாக ஓட்டி, அடுக்கடுக்காகப் படம் பிடிப்பார். சாயம் ஏற்றிய திசு பச்சையாக ஒளிரும். ஏற்றாதது இருட்டாகக் கிடக்கும்.

அதே ஒரு மாதமாகச் சாயம் ஏற்றாத தகடும் ஒளிர்ந்தது, வெள்ளிக்கிழமைகளில் மட்டும். கமலா திசுவைப் பதப்படுத்தும் மருந்தை மாற்றினார், லென்ஸைத் துடைத்தார், செத்துப்போன எலியைக்கூடத் திட்டினார்.

செவ்வந்தி திரையை உற்றுப் பார்த்தாள். பச்சையாக ஒளிர்ந்தவை ஒரு கைரேகையின் இரண்டு மூன்று வரிகள்.

“என் கைதாங்க மேடம். மஞ்சள் பூசிக்கினு வந்துட்டேன். வூட்ல தெரியாதுங்க.”

கமலா அந்தத் தகட்டை எடுத்துத் தனியே வைத்தார். பிறகு, “கைக்கு உறை மாட்டிக்கோ செவ்வந்தி. லேசர் பட்டா மஞ்சளும் பச்சையா ஒளிரும். பூசுற மஞ்சள் லேசருக்கு மட்டுந்தான் ஆவாது,” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை செவ்வந்தி முகத்து மஞ்சளைக் கழுவவில்லை. மாமியார் எதிரில் வந்து நின்று, “போய்ட்டு வரேன் அத்த,” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். வேலைக்குப் போனதும் உறை மாட்டினாள், கைக்கு மட்டும்.