அமுதவல்லி போட்ட மார்க்

சுனாமிக்கு மறு வருஷம் மரக்காணத்துப் பக்கம் உப்பைவிட அதிகமாகக் குவிந்தது இரக்கம்தான். அனுமந்தையில் ஒரு தொண்டு நிறுவனம் தகரக் கொட்டகை போட்டுக் குழந்தைகள் மையம் திறந்தது. பதினாறு வருஷம் உப்பளத்தில் உப்பு வாரிய அமுதவல்லிக்கு அங்கே உதவியாளர் வேலை கிடைத்தது. படிப்பு எட்டாவது, வாய் மட்டும் எம்.ஏ.

ஐப்பசியில் ஒருநாள் சென்னையிலிருந்து ரேணுகா மேடம் வந்தார். குழந்தைகளுக்கான படப் புத்தகங்களை எடைபோடுவதில் அவர் பெரிய நிபுணராம். கையில் இன்னும் அச்சுக்குப் போகாத ஒரு புத்தகத்தின் மாதிரியும் ஒரு படிவமும் இருந்தன. ஓவியத்துக்குப் பத்து மார்க், கதைக்குப் பத்து. உப்பள மக்களின் கருத்தும் வேண்டுமாம். அப்போது கொட்டகையில் இருந்த உப்பள மக்கள் அமுதவல்லி ஒருத்திதான்.

மேடம் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினார். ஓர் உப்புக்கல் தன் தாயான கடலைத் தேடிப் போகிறது. கடல் அழுது, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, பிறகு சிரித்தபடி பிள்ளைகளைக் கட்டிக்கொள்கிறது. அந்தப் பக்கம் வந்ததும் சரண்யா எழுந்து மறுமூலைக்குப் போய் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அப்பாவைக் கடல் கொண்டுபோய்ப் பத்து மாசம்தான் ஆகியிருந்தது.

“பாருங்க, குழந்தை எவ்ளோ ஃபீல் பண்றா!” என்று பூரித்தார் மேடம்.

அமுதவல்லி புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். “இதுல யாருக்குமே வேர்க்கலையேங்க மேடம்?”

“அது அழகியல்மா.”

“உப்பு வார்ற பொம்பள கால்ல கொலுசு போட்டிருக்கா. அந்தத் தண்ணியில நின்னா கொலுசு பட்ட எடமெல்லாம் புண்ணாயிடுங்க.”

“குழந்தைங்களுக்கு வலியெல்லாம் காட்டக் கூடாது.”

“அப்ப கடல் எதுக்குங்க மன்னிப்பு கேக்குது? அது என்ன பண்ணுச்சுன்னு கதையிலயே இல்லயே?”

மேடம் பேனாவைத் திறந்தார். படிவத்தில் எழுதினார். எதிரே உட்கார்ந்திருந்த அமுதவல்லி தலைகீழாகவே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள்: ‘உப்பளப் பெண்கள் நெகிழ்ந்து பாராட்டினர். ஓவியம் 9, கதை 9.’

“என் மார்க்கை நானே போடறேங்க” என்று படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கலர் நன்றாக இருந்ததால் ஓவியத்துக்கு இரண்டு. கதைக்கு முட்டை. கீழே கையெழுத்தும் போட்டாள்.

தை மாதம் புத்தகம் அச்சாகி வந்தது. பின்னட்டையில், ‘உப்பளப் பெண் அமுதவல்லியின் பாராட்டைப் பெற்றது’ என்றிருந்தது. அவள் கருத்துக்கும் மதிப்புக் கொடுத்திருந்தார்கள்: உப்புக்கல்லின் நெற்றியில் இரண்டு வேர்வைத் துளிகள்.

அதைவிட அவளுக்கு எரிந்தது அடுத்து வந்த உத்தரவு. மையத்துக்கு வந்த ஐம்பது பிரதிகளையும் பீரோவில் பூட்டி வைக்க வேண்டும். வெளிநாட்டு விருந்தாளிகள் வரும்போது மட்டும் பிள்ளைகள் கையில் கொடுத்துப் படம் எடுக்கலாம். மறுநாளே அமுதவல்லி பீரோவைத் திறந்து புத்தகங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தாள், கூடவே கிரேயான் டப்பாவையும். கொலுசுக் காலுக்கு ஒருவன் செருப்பு வரைந்தான். சரண்யா கடலின் சிரிப்பை அடித்துவிட்டு, பக்கம் கிழிகிற மட்டும் கறுப்பாகத் தேய்த்தாள்.

பத்து நாளில் விருந்தாளிகளோடு வந்த மேடம் பதறிப்போனார். “என்னம்மா இது, புக்கையெல்லாம் நாசம் பண்ணி வெச்சிருக்காங்க!”

“நாசம் இல்ல மேடம், திருத்தியிருக்காங்க.”

விருந்தாளிகளில் ஒருவர் சரண்யாவின் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் அவரை அவசரமாகச் சாப்பிட அழைத்துக்கொண்டு போனார்.

மாசக் கடைசியில் அமுதவல்லியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்தாள். மூன்றாம் நாள், மாசி வெயில் ஏறுவதற்குள், உப்பளத்தில் இறங்கிவிட்டாள்.