கிழவனைப் பார்க்க வந்தவர்கள்

அதற்கு மகள் ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருந்தாள். நாக்கைச் சுழற்றிச் சொல்ல வேண்டிய பெயர். எனக்கு அது சரிவரவில்லை. நான் கிழவன் என்றுதான் கூப்பிட்டேன், அது குட்டியாக இருந்தபோதே. இரண்டு கையாலும் ஒரு சூரியகாந்தி விதையைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு, ஓய்வூதியம் எடுக்க வங்கிக்கு வந்த பெரியவர் மாதிரி அது சுற்றும் முற்றும் பார்க்கும். வேறு என்ன பெயர் வைப்பது?

கலர் மீன் விற்கிற கடையில் மகள் அதை வாங்கி வந்தாள். ஹம்ஸ்டர் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். எலி என்று என் கணவர் சொன்னார். கிழவனுக்கு ஒரு வயது ஆகுமுன்னே அவள் படிக்க யாழ்ப்பாணம் போய்விட்டாள். "அது ஒரு கரைச்சலும் தராது அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். கணவருக்கு மட்டக்களப்பில் வேலை. வெள்ளி இரவு வந்து ஞாயிறு பின்னேரம் பஸ் ஏறிவிடுவார். ஆக, கிழமை நாட்களில் துறைமுகத்துக்கு மேலே இருக்கும் இந்த வீட்டில் கிழவனும் நானும்தான்.

எனக்கு அது பிடித்திருந்தது. அலுவலகம் விட்டு வந்ததும் கூட்டுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அன்று நடந்ததை எல்லாம் சொல்வேன். யார் யாரோடு முகம் கொடுக்கவில்லை, யாருடைய கோப்பு எங்கே போய் ஒளிந்தது, எல்லாம். அது கேட்டுக்கொண்டு இருக்கும், அல்லது சக்கரத்தில் ஓடும். குறுக்கே பேசாத ஒருவரோடு கதைப்பதில் உள்ள சுகம் கல்யாணம் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த வருடம் வெக்கையைக் கொண்டுவரும் கச்சான் காற்று தொடங்கியபோது கிழவன் உண்மையாகவே கிழவனாகிவிட்டது. முதுகில் முடி கொட்டித் தோல் தெரிந்தது. கண்ணில் பால் படர்ந்தது. சக்கரத்தில் ஏறி ஓரிரு சுற்று சுற்றிவிட்டு, பிறகு ஏன் ஏறினோம் என்று யோசிப்பது போல நின்றது. ஒருநாள் அதிலிருந்து விழுந்து மல்லாந்து கிடந்து கால்களை உதறியது. அன்றைக்கே சக்கரத்தைக் கழற்றி அலுமாரிக்கு மேலே வைத்தேன். ஏணியையும் எடுத்தேன். தண்ணீர்ப் போத்தலை அதன் வாய்க்கு எட்டுமளவுக்கு இறக்கிக் கட்டினேன். விதை கடிக்க முடியாமல் போனதால் பிஸ்கற்றைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேக்கரண்டியில் கொடுத்தேன். அவித்த முட்டையின் வெள்ளையைத் துருவிப்போட்டால் அதுவும் இறங்கியது.

மிருக வைத்தியரிடமும் கொண்டுபோனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு ஆடு, பின்னால் ஒரு கன்றுக்குட்டி. நடுவில் நான், மடியில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. வைத்தியர் சின்ன வயதுப் பெண். உள்ளங்கையில் வைத்து நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

"வருத்தம் எண்டு ஒண்டும் இல்லை, அன்ரி. வயசுதான். விரும்பிச் சாப்பிடுறதைக் குடுங்கோ. இந்த வெக்கைதான் ஆபத்து. குளிர்மையா வைச்சிருந்தால் கொஞ்ச நாளைக்கு இருக்கும்."

அன்று கணவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "ஊர் உலகமெல்லாம் எலிக்கு மருந்து வைக்குது. நீர் எலிக்கு மருந்து வாங்கக் கியூவில நிக்கிறீர்" என்றார். சொல்லிச் சிரித்துவிட்டு, கூட்டுக்கு மேலே மின்விசிறிக் காற்று நேராகப் படக்கூடாது, பக்கத்தால் பட வேண்டும் என்று விளக்கமும் தந்தார். அந்த மனிதர் அப்படித்தான்.

எங்கள் வீட்டுக்கு அஸ்பெஸ்டஸ் சீற் கூரை. கச்சான் அடிக்கும்போது பகல் பத்து மணிக்கே சுவரில் கை வைக்க முடியாது. ஓட்டுத் துண்டொன்றைத் தண்ணீரில் நனைத்துக் கூட்டுக்குள் வைத்தால் கிழவன் அதன்மேல் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு மணித்தியாலத்தில் ஓடு காய்ந்துவிடும். யாராவது இருந்து மாற்ற வேண்டும். அதை விடவும் வேறொன்று என் மனதை அரித்தது. நான் வேலையில் இருக்கும்போது, பூட்டின வீட்டுக்குள், அது தனியாகச் செத்துவிடுமோ என்பதுதான். ஒவ்வொரு நாளும் பின்னேரம் கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூட்டடிக்கு ஓடினேன். இவ்வளவு காலமும் நான் இந்த வீட்டில் தனியாக இல்லாமல் இருந்தது அதனால்தான். சாகிற நேரத்தில் அதைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை.

லீவு கேட்கப் போனேன். எங்கள் பிரதம லிகிதர் கிண்ணியாக்காரர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘நானா’, அண்ணன் முறை. அவர் சிரித்து யாரும் கண்டதில்லை. லீவு என்ற சொல் காதில் விழுந்தால் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்ப்பார், பாதிப் பேர் அந்தப் பார்வையிலேயே குணமாகி விடுவார்கள்.

"வீட்டில கொஞ்சம் சுகமில்லை நானா. பகலில ஆள் இருக்க வேணும்."

நானா யாருக்கு என்று கேட்கவில்லை. சொல்ல விரும்பினால் சொல்லுவார்கள் என்று விட்டுவிடுகிற பழைய மரியாதை அவருக்கு உண்டு. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. கேட்காததால் பொய் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. லீவுப் படிவத்தில் கையெழுத்து வைத்துத் தந்தார், கும்பிடாத குறையாக வெளியே வந்தேன்.

அந்த லீவு நாட்களைப் போல அமைதியான நாட்கள் எனக்கு அண்மையில் வாய்க்கவில்லை. காலையில் பிஸ்கற் ஊறவைப்பேன். ஓட்டை நனைப்பேன். என் பழைய பருத்திச் சேலையில் கிழித்த துண்டுகளுக்குள் கிழவன் சுருண்டுகொள்ளும். மூக்கு மட்டும் வெளியே தெரியும். கீழே துறைமுகத்தில் கோதுமை மா ஆலைக்கு வந்த கப்பல் ஒன்று அசையாமல் கிடந்தது. வெள்ளரிக்காய்த் தோலைப் படலைக்கு வெளியே போட்டால் தெருவில் திரிகிற மான்கள் வந்து தின்றுவிட்டுப் போகும். மத்தியானச் சோற்றைக் கோப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவேன். சமைத்துப் போட வேறு யாருமில்லை, அவசரம் இல்லை. கிழவன் ஒருதரம் கொட்டாவி விடும், அதைப் பார்த்து நானும் விடுவேன். சாகப்போகிற ஒன்றின் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படிச் சந்தோஷமாக இருக்கலாமா என்று எனக்கே சில நேரம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அலுவலகம் சும்மா இருக்குமா? என் பக்கத்து மேசைக்காரி கப்பல்துறை என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அந்தப் பயணத்தில் அவளுக்கு யோசிக்க நிறைய நேரம். அவளுக்கு நான் அக்கா. அக்காவின் புருஷன் மட்டக்களப்பில், மகள் யாழ்ப்பாணத்தில். அப்படியென்றால் வீட்டில் யாருக்குச் சுகமில்லை? வெருகலில் இருக்கிற மாமியாருக்குத்தான் இருக்க வேண்டும், அவரை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கணக்குச் சரி. அலுவலகத்தில் விட்ட கதை வெருகலுக்குப் போக அதிக நாள் எடுக்கவில்லை. ஒருநாள் காலையில் மாமி தொலைபேசியில் வந்தார்.

"பிள்ளை, எனக்கு என்ன வருத்தம்?"

"என்ன மாமி சொல்லுறீங்கள்?"

"நான் ஏலாமல் உன்ர வீட்டில படுக்கையில கிடக்கிறனாம். கோயில் வாசலில ஒருத்தி என்னைப் பார்த்திட்டு, எப்ப எழும்பி வந்தனீங்கள் எண்டு கேக்கிறா. நான் இஞ்ச சோளத்துக்குத் தண்ணி கட்டிக்கொண்டு நிக்கிறன்."

உண்மையைச் சொன்னேன்.

"அப்ப எலிக்குப் பதிலா என்னைப் படுக்கையில போட்டிருக்கிறாங்கள்."

"நான் போடேல்ல மாமி."

"சரி, சரி. அதை வடிவாப் பார். நான் எழும்பிட்டன் எண்டு அவங்களுக்குச் சொல்லு."

திங்கட்கிழமை வேலைக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று பின்னேரமே படலை திறக்கிற சத்தம் கேட்டது. நானாவும் பக்கத்து மேசைக்காரியும். நானாவின் கையில் ஒரு தயிர்ச்சட்டி. அவள் கையில் ஒரு பை நிறைய மால்ட் ரின், தோடம்பழம், பிஸ்கற். ஒரு வீட்டில் வருத்தம் என்றால் வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. இருவரும் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, நோயாளி இருக்கிற வீட்டுக்குள் வருகிற அந்தப் பூனை நடையில் உள்ளே வந்தார்கள்.

"மாமி நித்திரையோ அக்கா?" பக்கத்து மேசைக்காரி குசுகுசுத்தாள்.

ஓம் என்று ஒரு சொல் போதும். அறைக் கதவு சாத்தித்தான் இருந்தது. தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டால் மானம் தப்பும். உண்மையைச் சொன்னால் நான் ஓய்வு பெறும் வரைக்கும் அந்த அலுவலகம் சிரிக்கும், நானாவின் கண்ணாடிக்கு மேலான பார்வை வேறு. வாயைத் திறந்தும் விட்டேன். ஆனால் கிழவன் அன்று காலையிலிருந்து ஒன்றும் எடுக்கவில்லை. மூச்சு விட்டு விட்டுத்தான் வந்தது. மேசையில் கூட்டுக்கு மேலே போட்ட ஈரத் துவாய்க்குக் கீழே அது கிடக்க, நாங்கள் எட்டி இருந்து மாமியின் சீனி வருத்தத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கும்போது அது போய்விட்டால்? நான் பிறகு எதற்கு லீவு எடுத்தேன்?

"மாமி வெருகலில சுகமா இருக்கிறா. ஏலாதது இவருக்குத்தான்" என்று சொல்லித் துவாயை எடுத்தேன்.

பக்கத்து மேசைக்காரி ஒருதரம் கூட்டைப் பார்த்தாள், ஒருதரம் என்னைப் பார்த்தாள். பிறகு கதிரையில் தொப்பென்று இருந்து சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கத் தொடங்கினாள். நானா சிரிக்கவில்லை.

"இதுக்கோ லீவு எடுத்தனீங்கள்?"

"ஓம் நானா. அது தனியச் சாகக்கூடாது எண்டு நினைச்சனான். வேற ஒண்டும் இல்லை."

நானா தயிர்ச்சட்டியை மேசையில் வைத்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு கதிரையைக் கூட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"வருத்தம் பார்க்கத்தானே வந்தனாங்கள். பார்த்திட்டுப் போறதுதானே முறை. சாப்பாடு எப்படி?"

"இண்டைக்கு ஒண்டும் எடுக்கேல்ல."

"நித்திரை?"

"முழு நேரமும் நித்திரைதான்."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"வயசுதானாம்."

"ஓம். வயசுக்கு மருந்து இல்லை" என்று தலையை ஆட்டினார். மாமியே படுத்திருந்தாலும் இதே கேள்விகளை இதே ஒழுங்கில்தான் கேட்டிருப்பார். பக்கத்து மேசைக்காரியின் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. பார்த்தபோது அவளும் கூட்டுக்குக் கிட்ட வந்து குனிந்து நின்றாள்.

"தயிர் குடுக்கலாமோ?" நானா கேட்டார். "எருமைத் தயிர். வயிறு குளிரும்."

அவருடைய கைலேஞ்சித் துணியை அவருடைய உள்ளங்கையிலேயே விரித்து அதன்மேல் கிழவனைத் தூக்கி வைத்தேன். நானா சின்ன விரலின் நுனியில் தயிர் தொட்டு அதன் மூக்குக்கு முன்னால் பிடித்தார். கிழவன் மோந்து பார்த்தது. பிறகு நக்கியது. ஒருதரம், இன்னொருதரம். காலையிலிருந்து வாயே திறக்காத பிராணி விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நக்கியதைக் கண்டதும் எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. இன்றைக்கு ஒன்றும் நடக்காது என்று நினைத்தேன்.

"பார்த்தீங்களோ" என்றார் நானா. அவர் முகத்தில் இருந்தது சிரிப்புத்தான் என்று சத்தியம் பண்ணுவேன்.

அந்த மகிழ்ச்சியில்தான் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனேன். பக்கத்து மேசைக்காரியும் உதவிக்கு வந்தாள். கேற்றிலில் தண்ணீர் கொதிக்கும் வரைக்கும் அவள் தன் கணக்கு எங்கே பிழைத்தது என்று விளக்கினாள். கதை எப்படி வெருகலுக்குப் போனது என்று ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிச் சிரித்தோம். இஞ்சி தட்டிப் போட்டேன். அவள் கொண்டுவந்த பிஸ்கற்றையே தட்டில் அடுக்கினோம். ஒன்றும் அவசரப்படவில்லை.

தட்டோடு வந்தபோது, நான் போன நேரம் இருந்த மாதிரியே நானா இருந்தார். உள்ளங்கை அப்படியே விரிந்திருந்தது. மற்றக் கையின் சின்ன விரலும் கிழவனின் முகத்துக்கு முன்னால் அப்படியே இருந்தது. அவருக்குக் கை உளைந்திருக்க வேண்டும்.

"தேத்தண்ணியை வைச்சிட்டு இருங்கோ, தங்கச்சி."

அந்தக் குரலில் விளங்கிவிட்டது. தட்டை வைத்தேன். கிழவனின் முதுகைத் தொட்டேன். சூடு இன்னும் போகவில்லை. மூச்சு இல்லை. வாய் ஓரத்தில் கொஞ்சம் தயிர் ஒட்டியிருந்தது. அழுதேன். ஆனால் பூட்டின வீட்டைத் திறந்து வந்து அழ வேண்டிவருமோ என்று நான் பயந்துகொண்டிருந்த அந்த அழுகை அது இல்லை. இத்தனை நாளும் பக்கத்திலேயே இருந்துவிட்டுக் கடைசியில் குசினிக்குள் நின்று சிரித்துக்கொண்டிருந்தேனே என்றுதான் முதலில் வந்தது.

"கூப்பிட்டிருக்கலாமே நானா."

"கூப்பிடத்தான் நினைச்சனான். சத்தம் போட்டால் வெருளும் எண்டு விட்டிட்டன்." அவர் அப்போதும் கையை அசைக்கவில்லை. "கடைசி மட்டும் என்ர விரலைப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தது. தனியப் போகேல்ல, தங்கச்சி. நான் இருந்தனான்."