அரசலாற்று முகத்தில் மூழ்கிய அண்டாக்கள்

அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் அந்தப் படகு கவிழ்ந்தபோது, கரையில் குடைக்குக் கீழே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிப் போன புதிது. மராமத்து ஆபீசில் ஒரே பெண் நான்தான்.

முகத்துவாரத்தின் ஆழம் அளக்கும் வேலை. கரையில் கோணம் அளக்கும் தியோடலைட் கருவிகள் இரண்டு. அவற்றை இணைக்கும் நேர்கோடுதான் எங்கள் எக்ஸ் அச்சு. ஆழம் பார்க்கும் தோணியைக் கருவிக்காரர்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நோக்கிக் கோணம் சொல்வார்கள். இரண்டு பார்வைக் கோடுகளும் வெட்டும் புள்ளியைக் கணக்கிட்டு நான் வரைபடத்தில் குறிப்பேன்.

கவிழ்ந்தது திருமலைராயன்பட்டினம் போகும் படகு. இரண்டு தியோடலைட்டும் அந்தப் பக்கம் திரும்பின.

"எல்லாரும் படகைப் பிடிச்சுக்கிட்டாங்க!" என்று ஒருவர் கத்தினார். உயிருக்குப் பயமில்லை என்றதும் எங்கள் எஞ்சினியர், "கருவியை அப்படியே பூட்டுங்க, கோணத்தைப் படிங்க!" என்றார்.

எங்கள் தோணி ஆட்களைக் கரை சேர்த்தது. கவிழ்ந்த படகை நீரோட்டம் எங்கோ இழுத்துப் போய்விட்டது. அதில் வந்த ஹபீப் மரைக்காயர் ஈரக் கைலியோடு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளை கழிச்சு மவளுக்கு நிக்காஹ். ஈயம் பூசி எடுத்துப்போன பள்ளிவாசல் அண்டா அஞ்சும் அடியில போச்சு. எதுல சோறாக்குறது?"

"கவலைப்படாதீங்க பாய், இடம் தெரியும்" என்றேன்.

"தண்ணியில கோடா போட்டு வச்சிருக்கே, புள்ள?"

அன்று இருட்டிவிட்டது. காலையில் போனால், ஒரு தியோடலைட் நின்ற மணல்மேட்டையே அலை அரித்திருந்தது. அங்கிருந்து படித்த பழைய கோணம் இனி உதவாது.

"அவ்வளவுதாங்க" என்றார் கருவிக்காரர்.

ஆனால் அண்டா விழுந்த புள்ளியின் எக்ஸ், ஒய் இரண்டையும் முந்தின நாளே போட்டு முடித்திருந்தேன். அச்சுக்கோடு தொலையாமலிருக்க, அலை எட்டாத உட்பக்கத்தில் அதன் மேல் கல்லும் நட்டிருந்தோம். வேறு மேட்டில் முளை அடித்து, கல்லை வைத்து அந்த இடத்தின் எக்ஸ், ஒய்யையும் அளந்தோம். ஒரு புள்ளியின் எக்ஸ், ஒய்யிலிருந்து மற்றதைக் கழித்து, டான்ஜென்ட் அட்டவணை பார்த்துப் புதுக் கோணம் சொன்னேன்.

கருவிக்காரர் ஒவ்வொருவரும், தோணி தன் பார்வைக் கோட்டில் வரும்போது கொடியைத் தூக்க வேண்டும். இரண்டு கொடியும் சேர்ந்து எழுந்த இடத்தில் நங்கூரம் விழுந்தது. திருவேட்டக்குடி மீனவர் கலியபெருமாள் குதித்தார். வெறுங்கையோடு வந்தார்.

"ஒரே சேறுங்க."

மறுபடி மூழ்கினார். தலை வெளியே வந்ததும், "கயிறு போடுங்க! அண்டாக் காதைப் பிடிச்சுட்டேன்!" என்று ஒரே கத்தல்.

மதியத்துக்குள் ஐந்தும் கரையில் கிடந்தன. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று மரைக்காயர் எஞ்சினியரைக் கட்டிக்கொண்டதில் அவர் வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு. நிக்காஹ் விருந்தில் எங்கள் ஆபீசே உட்கார்ந்து சாப்பிட்டது. மணப்பெண் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "அக்கா, அந்தக் கணக்கை எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கோணம் படித்த அன்றே எக்ஸ், ஒய் போட்டு முடித்துவிடுங்கள். நின்ற மேட்டை அலை கொண்டுபோனால், இன்னொரு மேட்டில் ஏறிக்கொள்ளலாம்.