மாமா வாங்கி வந்த தடிக் கழி

பத்து வயதில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த விஷயம் தூண்டில் கழி பார்த்து எடுப்பது ஒன்றுதான். கோலம் சுமாராக வரும். பாட்டு வரவே வராது. ஆனால் மூங்கில் புதரில் நிற்கும் அத்தனை கழியில் எதை வெட்டலாம் என்று கேட்டால் யோசிக்காமல் கைகாட்டிவிடுவேன். கணு நெருக்கமாக இருக்க வேண்டும். உள்ளே பொந்து இல்லாத கல்மூங்கிலாக இருக்க வேண்டும். அடியைப் பிடித்துச் சுண்டினால் நுனி மட்டும் துடிக்க வேண்டும், நடு ஆடக்கூடாது. விராலுக்கு ஒன்று, கெளுத்திக்கு ஒன்று, கொடுவாவுக்கு ஒன்று என்று மூன்று கழிகளைக் கூரையில் செருகி வைத்திருந்தேன். வீட்டில் நான் ஒரே பிள்ளை. பெண்பிள்ளைக்கு மீன்பிடி எதற்கு என்று கேட்க வேண்டியவர்கள் இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் என்று விட்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் குருவிநத்தத்துக்குப் பக்கம், பெண்ணையாற்றின் வடகரையில் இருந்தது. இக்கரை பிரெஞ்சுக்காரன் சீமை, அக்கரை இங்கிலீஷ்காரன் சீமை. அப்பாவுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் கரும்பும் அந்தப் பக்கம் ஒரு காணி நெல்லும் இருந்ததால் தினமும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஆற்றைத் தாண்டுவார். அக்கரையில் ஏறியதும் இங்கிலீஷ்காரனுடைய சுங்கச்சாவடி, ஓலைக் கொட்டகையாக. புதுச்சேரிக்குக் கப்பலில் வந்து இறங்கும் சாமானுக்கு எங்கள் சீமையில் வரி கிடையாது. அதையே ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோனால் வரி கட்ட வேண்டும். அதனால் சாவடியில் எல்லார் மூட்டையையும் அவிழ்த்துப் பார்ப்பார்கள். அப்பாவை மட்டும் பார்ப்பதில்லை. இருபது வருஷமாக மாட்டோடும் விதைக் கூடையோடும் போய் வருகிற மனுஷன், ஒரு தீப்பெட்டியைக்கூட ஒளித்து எடுத்துப் போகமாட்டார் என்று அவருக்குப் பேர்.

மாமாவின் பேர் வேறு மாதிரி. அம்மாவின் தம்பி அவர். புதுச்சேரியில் கடை வேலை என்று சொல்வார்கள். எந்தக் கடை என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு கடையைச் சொல்வார்கள். ஒருமுறை அக்கரைச் சாவடியில் சீமைச் சாராய பாட்டில்களோடு பிடிபட்டு, அப்பா போய்க் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தார். அம்மாவோ அவரைத் தாய்போல் வளர்த்தவள். தம்பிக்குத் தும்மல் வந்தாலும் அப்பாவின் மேல்தான் எரிந்து விழுவாள்.

அந்த வருஷம் கார்த்திகை வெள்ளம் வடிந்து, கடலிலிருந்து கொடுவா மீன் ஆற்றில் ஏற ஆரம்பித்த சமயத்தில், மாமா ஒரு கட்டுக் கழியும் ஒரு தகரப் பெட்டியுமாக வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்ததும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பித்தளையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் உருளை. பிடியைச் சுற்றினால் கிர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டு நூலைச் சுருட்டியது.

“இதுக்குப் பேரு மூலினே. தொரைங்க இத வச்சித்தான் மீன் புடிக்கிறாங்க,” என்றார் மாமா.

உருளைக்குக் கீழே பொய் இரைகள் இருந்தன. கரண்டியின் தலையை மட்டும் வெட்டி எடுத்ததுபோல வெள்ளித் தகடு ஒன்று, செம்புத் தகடு ஒன்று, வெள்ளை உடம்பும் சிவப்புத் தலையுமாக மரத்தில் செதுக்கிய மீன் ஒன்று. ஒவ்வொன்றின் வாலிலும் மும்முனை முள். புழுவும் வேண்டாம், தவளையும் வேண்டாம், இதைப் பார்த்தே மீன் ஏமாந்துவிடும் என்றார். அதை நான் நம்பவில்லை, ஆனால் நம்ப ஆசைப்பட்டேன்.

“நீதான்டி இதுல கெட்டிக்காரி. எந்தக் கழி நல்லாருக்குது, பார்த்துச் சொல்லு.”

மூன்று கழிகள். இரண்டு ஒல்லியான பிரம்பு, மூன்றாவது என் மணிக்கட்டுக்கு மேல் தடிமனான மூங்கில். பிரம்பு இரண்டையும் சுண்டிப் பார்த்து, நுனி நன்றாகத் துடித்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மூங்கிலைத் தட்டினேன். பொந்து மூங்கில் ணங்கென்று சத்தம் கொடுக்கும். இது தொப்பென்றது. தூக்கினால் பிணம்போலக் கனத்தது. சுண்டினால் நுனி துடிக்கவில்லை, நடுதான் ஆடியது.

“இது ஆகாது மாமா. கொடுவா ஒரு இழு இழுத்தா நடுவுல முறிஞ்சிடும்.”

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு, அந்த அழகான உருளையை அந்தத் தடிக் கழியில்தான் வைத்துக் கட்டினார். கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டார்.

“பெரிய மீனுக்குப் பெரிய கழி. இத நீதான் தூக்கியாரணும். ஆனா நான் சொல்றவரைக்கும் தண்ணில போடக் கூடாது.”

மீன்பிடியில் இவ்வளவு முட்டாளான ஒரு பெரிய மனிதரை நான் பார்த்ததில்லை. அந்த முட்டாள்தனத்துக்காகவே அவர்மேல் எனக்குப் பிரியம் வந்தது. எனக்குத் தெரிந்ததில் ஒன்று அவருக்குத் தெரியவில்லையே!

புறப்படும்போது அம்மா என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்து, தலையை அழுத்தி வாரிவிட்டாள். வாரிக்கொண்டே சொன்னாள்.

“சாவடியில யாராச்சும் இது யாரு கழின்னு கேட்டா இன்னா சொல்லுவ?”

“மாமாவுதுன்னு சொல்லுவேன்.”

தலையில் ஒரு குட்டு விழுந்தது. “எங்கப்பாவுதுன்னு சொல்லணும். மாமா பேரே வாயில வரக்கூடாது. இன்னா சொல்லுவ?”

“எங்கப்பாவுது.”

“அதான் நல்ல பொண்ணு.”

மூன்று வாரம் போய் வந்தோம். அப்பா விடிந்ததுமே வயலுக்குப் போய்விடுவார். நாங்கள் வெயில் ஏறிய பிறகு போவோம். மாமா கொஞ்சம் பின்தங்கி வெறுங்கையோடு வருவார். நான் கழிகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் ஏறுவேன். சாவடிச் சேவகருக்கு என்னை நன்றாகத் தெரியும். அவரும் ஓய்வு நேரத்தில் தூண்டில் போடுகிறவர். “இன்னாம்மா, உலக்கைய எடுத்துக்கினு மீன் புடிக்கப் போறியா?” என்று அந்தத் தடிக் கழியைப் பார்த்துச் சிரிப்பார். எனக்கு மானம் போகும். அவர் சிரித்தாரே தவிர, ஒரு நாளும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. அக்கரையில் மீன் பிடிக்க மாமா உட்காரவே மாட்டார். யாரோ ஓர் ஆள் வருவார். உருளையை அவிழ்த்து வைத்துக்கொண்டு தடிக் கழியை மட்டும் அவரிடம் மாமா கொடுத்துவிடுவார். அடுத்த வாரம் வேறொரு தடிக் கழி வரும். நான் பார்த்து எடுத்த பிரம்பை யாரும் கேட்கவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் வருத்தம்.

நாலாவது வாரம் அந்த ஆள் வரவில்லை. மாமா அங்குமிங்கும் பார்த்தார். பிறகு என்னை மடுவோரம் ஒரு நாவல் மரத்தடியில் விட்டார்.

“இங்கியே குந்து. அசையாத. இதோ வந்துடறேன்.”

சாவடியிலிருந்து கூப்பிடு தூரம்தான் அந்த மரம். நான் குந்தினேன். அப்போது மடுவில் மடவை மீன் குஞ்சுகள் சிதறித் துள்ளின. பின்னாலேயே தண்ணீர் பிளந்து, ஒரு முதுகு தெரிந்தது. கொடுவா. என் கை நீளம் இருக்கும். மறுபடியும் துள்ளல், மறுபடியும் அந்த முதுகு. அசையாதே என்று சொன்னவர் இதைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்கமாட்டார் என்று தோன்றியது.

தகரப் பெட்டியைத் திறந்தேன். மர மீன் மிதக்கும்; கொடுவா மேலே வந்துகொண்டிருந்ததால் அதைப் போடலாம். ஆனால் தண்ணீர் கலங்கலாக இருந்தது. கலங்கலில் செம்பு தெரியாது, வெள்ளிதான் மின்னும். வெள்ளித் தகட்டை எடுத்துக் கட்டினேன். உருளையைப் பிரித்துப் பிரம்பில் கட்டத்தான் பார்த்தேன், சத்தியமாக. மாமா போட்ட முடிச்சு என் நகத்துக்கு அவிழவில்லை. வேறு வழியில்லாமல் தடிக் கழியையே இரண்டு கையாலும் தூக்கி வீசினேன்.

முதல் வீச்சு காலடியில் விழுந்தது. இரண்டாவது கொஞ்சம் தூரம் போனது. மூன்றாவதில், தகடு தண்ணீரைத் தொட்டுச் சரிந்து மின்னும்போதே, யாரோ கையைப் பிடித்து இழுத்ததுபோல இருந்தது. உருளை அலறியது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த நாலைந்து நொடிதான் என்று நினைக்கிறேன். பிறகு நான் சொன்ன மாதிரியே கழி நடுவில் முறிந்தது.

நூல் அறுந்து மீன் தகட்டோடு போய்விட்டது. முறிந்த வாயிலிருந்து மஞ்சள் காகிதம் பிதுங்கி, கிழிந்து, அதிலிருந்து நூல் கொட்டியது. தண்ணீரில் விழுந்து விரிந்து விரிந்து போனது. வெயிலில் தங்கமாக மின்னியது. கொஞ்ச நேரம் மீனைக்கூட மறந்துவிட்டேன். பிறகு அள்ளி அள்ளிப் பாவாடையில் போட்டுக்கொண்டு, சாவடிப் பக்கம் பார்த்து நானே கூப்பிட்டேன்.

“இங்க வந்து பாருங்களேன்! கழிக்குள்ள பொன்னு நூலு!”

சேவகர் சிரித்துக்கொண்டேதான் வந்தார். கிட்டே வந்ததும் சிரிப்பு நின்றது. புதுச்சேரிக் கப்பலில் வரும் பிரெஞ்சு சரிகை அது, அக்கரை நெசவுக்காரர்களிடம் நல்ல விலைக்குப் போவது என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அவர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“யாருதும்மா இது?”

“எங்கப்பாவுது.”

“உங்கப்பாவா? நல்லா யோசிச்சிச் சொல்லு. உங்க மாமாவுதுதானே?”

“எங்கப்பாவுது.”

“பயப்படாம சொல்லு. மாமாதானே குடுத்தாரு?”

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் சொன்னேன். அம்மா சொல்லித் தந்ததை ஓர் எழுத்துகூட மாற்றாமல் சொன்னேன். தூரத்தில் மாமா ஆற்றில் இறங்கி எங்கள் கரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். மாமா பேரே வரக்கூடாது என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

சைக்கிளில் ஓர் அதிகாரி வந்தார். அப்பாவை வயலிலிருந்து கூட்டி வந்தார்கள். முழங்கால்வரை சேறு, கையில் களைக்கொட்டு. என்னவென்றே தெரியாமல் முதலில் என்னைத்தான் தொட்டுப் பார்த்தார், அடிகிடி பட்டிருக்கிறதா என்று.

“இது உன் கழின்னு உன் பொண்ணு சொல்லுது,” என்றார் அதிகாரி. “இல்லன்னா சொல்லு. பொண்ணையும் கடலூருக்குக் கூட்டிப் போய் யாரு குடுத்தாங்கன்னு விசாரிச்சுக்கிறோம்.”

அப்பா முறிந்த கழியைப் பார்த்தார். அதில் கட்டியிருந்த உருளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பாடத்தை மறந்த பிள்ளைக்கு எடுத்துக்கொடுப்பதுபோல, ‘சொல்லுப்பா’ என்று நான் தலையாட்டினேன்.

“என்னுதுதாங்க,” என்றார் அப்பா.

அவரைக் கூட்டிப் போகும்போது நான் அழுதேன். அப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்துச் சேவகர் என் தலையைத் தடவினார். நான் அழுதது மீனோடு போன வெள்ளித் தகட்டுக்காக.

எட்டு மாதம் கடலூர் ஜெயிலில் இருந்தார். அக்கரை நிலம் அபராதத்துக்குப் போனது. ஊரில் இருபது வருஷத்துப் பேர் ஒரே வாரத்தில் மாறிப்போய், ‘சரிகைக்காரன் பொண்ணு’ என்று என்னைக் கூப்பிட்டார்கள். அது ஏதோ பெரிய இடத்துப் பேர்போல எனக்குப் பட்டது. மாமா பத்து நாளைக்குள் சைகோனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அவர் போன அன்றிலிருந்து அம்மாவின் காதில் தோடு இல்லை. அவள் அழாத நாள் இல்லை. ஆனால் ஒரு நாளும் ஜெயிலுக்குப் போய் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னை மட்டும் அடிக்கடி அணைத்துக்கொண்டு, “நீ நல்ல பொண்ணுடி. சொன்னபடி சொன்ன,” என்பாள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அப்பா வந்தது ஓர் ஆவணி மாதத்துப் பகலில். தலையை மொட்டையடித்திருந்தார்கள். உடம்பில் பாதி இல்லை. அம்மா தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், வாங்கிக் குடித்தார். அவள் உலை வைக்க உள்ளே போனதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார். கோபமாக இல்லை. ரொம்ப நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததைக் கேட்பதுபோலக் கேட்டார்.

“அன்னிக்கு அது என்னுதுன்னு சொன்னியே, நீயா சொன்னியாம்மா? மாமன் சொல்லச் சொன்னானா?”

மாமாவின் பேரைச் சொல்லக்கூடாது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மாமாமேல் வீண்பழி வருகிறதே என்றும் இருந்தது.

“மாமா ஒண்ணும் சொல்லல. அம்மாதான் சொல்லச் சொன்னாங்க. தலை வாரும்போது.”

அப்பா என் தலைமுடியைப் பார்த்தார். “சரி, போய் விளையாடு,” என்றார்.

அன்று அம்மா போட்ட சோற்றை அவர் தொடவில்லை. மறுநாள் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் மூன்று கல்லைக் கூட்டித் தானே கஞ்சி காய்ச்சிக்கொண்டார். சாகிறவரைக்கும், பதினேழு வருஷம், அந்த மூன்று கல் அங்கேயே இருந்தது. ஒரே கூரைக்குக் கீழ் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டக்கூட இல்லை. என் கல்யாணப் பந்தலில்கூட அவளிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லித்தான் சொல்லச் சொன்னார்.

அவர் சோற்றைத் தொடாத அன்று சாயங்காலமே அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய்க் கேட்டாள்.

“அப்பா உன்ன இன்னாடி கேட்டாரு?”

“அன்னிக்கு யாரு சொல்லச் சொன்னதுன்னு கேட்டாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“நெசத்தச் சொன்னேன்,” என்றேன். நல்ல பொண்ணு என்று சொல்லி இப்போதும் அணைத்துக்கொள்வாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.