பொட்டு வைத்த நான்கு டிஸ்குகள்

முதல் டிஸ்கை வெளியே இழுத்தபோது அதன் நெற்றியில் சந்தனம் இருந்தது, சந்தனத்தின் நடுவில் குங்குமம். இரண்டாவதை இழுத்தேன், அதிலும் அப்படியே. மூன்றாவதில் சாமந்தி இதழ் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நான்காவதை இழுக்கும் முன்பே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும். விழுப்புரத்தில் கடை வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் பார்க்கப் போகிறவள் நான். எலி கடித்த ஒயர், டீ கொட்டிய கீபோர்டு, பல்லி செத்துக்கிடந்த பவர் சப்ளை எல்லாம் பார்த்தாயிற்று. இவ்வளவு மங்களகரமாகப் படுத்துவிட்ட ஒரு சர்வரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இடம் திண்டிவனத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். அங்கே படம் எடுப்பவரை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே மட்டும் இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர், சி.டி. ஸ்கேன் வந்த பிறகும் போகவில்லை. ஐம்பதைத் தொடும் வயது, கனத்த உடம்பு, வெள்ளைக் கோட்டுக்குள் எப்போதும் ஒரு வாயில் காட்டன் சேலை. வருகிறவர்களின் முகத்தை மறந்துவிடுவார், முதுகெலும்பை மறக்க மாட்டார். எதிரே வந்து நின்று வணக்கம் சொல்பவரை யாரென்று தெரியாமல் விழிப்பார். அவருடைய பழைய படத்தைக் காட்டினால் ஊர், பிள்ளைகள், எந்தக் கையில் அடிபட்டது என்று வரிசையாகச் சொல்லுவார். அத்தனை படமும் ஓர் இடத்தில் இருந்தது. பின்னறையில் ஏ.சி.க்குக் கீழே நின்ற அந்தப் பழைய சர்வர்தான் அது. மூன்று அறைகளிலிருந்தும் வருகிற படங்கள் அதற்குள் போய்ச் சேரும், டாக்டர் தன் அறையில் உட்கார்ந்தபடியே எடுத்துப் பார்ப்பார்.

அந்தச் சர்வரைப் பற்றி அக்காவிடம் பெருமையடித்தவள் நான்தான். தூசி தட்டப் போனபோது கூப்பிட்டுக் காட்டினேன். "இந்த நாலு டிஸ்குலதான்கா எல்லாத்தோட உசுரும் இருக்குது" என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். ஒரு புத்தகத்தை வரிவரியாகக் கிழித்து நாலு பெட்டியில் மாற்றி மாற்றிப் போட்டு வைத்திருப்பது போல, ஒரே படம் நாலிலும் துண்டு துண்டாக இருக்கும் என்பதையும் சொன்னேன். பெட்டிகளின் வரிசை மாறினால் புத்தகம் போச்சு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். யார் போய் மாற்றப்போகிறார்கள் என்ற திமிர்தான்.

ஆயுத பூஜை வந்தது. நம் ஊரில் அன்றைக்கு அரிவாள்மணை முதல் ஆட்டோ வரைக்கும் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வெடுக்கும். ஸ்கேன் சென்டரிலும் அப்படித்தான், சாயங்காலம் எல்லா மெஷினையும் அணைத்துத் துடைத்துச் சாமி கும்பிட்டு, மறுநாள் விஜயதசமிக் காலையில்தான் மறுபடி போடுவார்கள். மறுநாள் ஒன்பது மணிக்கு எனக்குச் சென்டர் மேனேஜரிடமிருந்து போன். கரண்ட் போய் வந்ததாம், சர்வர் படங்களைக் காட்ட மாட்டேனென்கிறதாம், ஜல்தியா வாங்க என்றார். பஸ் பிடித்துப் போனேன்.

சென்டர் வாசலில் ஓர் அம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், கரும்பு வெட்டுகிற வேலை. நுரையீரலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே சென்டரில் எடுத்த படத்திலும் அது இருந்ததாம். அந்தப் பழைய படத்தைக் கொண்டுவா என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கும் இதே அளவு என்றால் பயமில்லை, வளர்ந்திருந்தால் நெஞ்சைத் திறக்க வேண்டும், படமே இல்லையென்றாலும் திறந்துதான் பார்க்க வேண்டும். வாங்கிப்போன பிலிமும் ரிப்போர்ட்டும் மழையில் கூரை ஒழுகி நனைந்து கூழாகிவிட்டன. நாளை மறுநாள் அவர் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். இதையெல்லாம் அக்காதான் என்னிடம் சொன்னார். சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை.

பேக்கப் இருக்குமே என்றார் மேனேஜர். பேக்கப் எடுக்கும் டிஸ்க் நிறைந்துபோய் மாதக்கணக்காக ஒரு படமும் அதில் ஏறவில்லை. போதாததற்கு, இடம் பண்ணுகிறேன் என்று அதிலிருந்த பழைய வருடங்களை நானே அழித்திருந்தேன், சர்வரில்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில். இடமில்லை என்று தினம் ஒரு எச்சரிக்கை என் மெயிலுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. விளம்பர மெயிலோடு சேர்த்து அதையும் தள்ளிக்கொண்டே இருந்தேன். மேனேஜரிடம் பார்க்கிறேன் என்று மென்று முழுங்கிவிட்டு, அணைந்து கிடந்த சர்வரைப் போட்டு அதன் முன் உட்கார்ந்தேன். கரண்ட் போய்க் கெட்டது என்றால் அதற்குத் தெரிந்த வைத்தியம் உண்டு. டிஸ்குகளை உள்ளது உள்ளபடி சேர்த்து, முழு ரிப்பேர் ஓடவிட வேண்டும். திரையில் சரியா என்று கேட்டது. விரலைக் கொண்டுபோனேன்.

அப்போதுதான் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். "கரண்ட்டுலாம் போவல கண்ணு. நான்தான் நாலுத்தையும் கயட்டினேன். தொடச்சி, பொட்டு வச்சி, சாமிகிட்ட வச்சிட்டுக் காலையில சொருவினேன்."

மேனேஜர் அக்காவை முறைத்தார். கரண்ட் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்பது அவர் யோசனை. அக்காவைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார், பாவம். சென்டரில் அத்தனை பேரும் அதையே சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அக்காதான் கேட்கவில்லை. நான் அந்த விசையை அழுத்தியிருந்தால், தப்பான வரிசையில் நின்ற நாலு டிஸ்கையும் சரியானது என்று நம்பி, ரிப்பேர் என்ற பெயரில் எல்லாப் படத்தின் மேலும் குப்பையை எழுதித் தள்ளியிருக்கும். அதற்குப் பிறகு ஆண்டவனே வந்தாலும் மீட்க முடியாது. சட்டென்று பவரைப் பிடுங்கினேன். ஏன்கா இப்படிப் பண்ணீங்க என்று கத்தியேவிட்டேன். அக்கா நிதானமாகச் சொன்னார், "உசுரே அதுலதான் இருக்குதுன்னு நீதான சொன்ன. வெளிய தகரத்துக்குப் பொட்டு வச்சா போதுமா?" அதன் பிறகுதான் நான்கையும் ஒவ்வொன்றாக வெளியே இழுத்தேன்.

எந்த டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது என்று அக்காவுக்கு ஞாபகமில்லை. காலையில் சாமி படத்தின் முன்னால் கூட்டியவர்கள் டிஸ்குகளை நகர்த்தி வைத்திருக்கிறார்கள், அக்கா கைக்கு வந்தபடி சொருகியிருக்கிறார். காலையிலேயே சர்வர் தானாகத் திருத்த வேலையைத் தொடங்கிவிட்டது. படங்களின் பெயரெல்லாம் கோணல்மாணலாக மாறுவதைப் பார்த்துப் பயந்து அக்கா பிளக்கைப் பிடுங்கிவிட்டாராம். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எவ்வளவு சேதம் என்று யாருக்குத் தெரியும்? தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா தன் போனை நீட்டினார். பூஜையை ஸ்டேட்டஸில் போடப் படம் பிடித்திருந்தார். வாழையிலையில் நாலு டிஸ்கும் வரிசையாக, பக்கத்தில் பொரியும் சுண்டலும். சர்வரில் மேலேயிருந்து ஒவ்வொன்றாக உருவி, இலையில் பரிமாறுகிற மாதிரி இடது பக்கத்திலிருந்து வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். அது மட்டும் நிச்சயமாகத் தெரியுமாம். படத்தைப் பெரிதாக்கினேன். மூன்றின் லேபிளில் எண்கள் தெளிவாகத் தெரிந்தன. நான்காவதின் எண்ணைக் குங்குமம் மூடியிருந்தது, ஆனால் மிச்சமிருப்பது அது ஒன்றுதானே! அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

நகல் எடுக்கிற கருவி விழுப்புரத்தில் என் கடையில் இருந்தது. விஜயதசமிக் கூட்டம், பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. அக்கா நான்கு டிஸ்கையும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் தன் உடம்பையே தூக்கிப் பிடித்தபடி வந்தார். பக்கத்துச் சீட்டுக்காரர் கைக்குழந்தையா என்று கேட்டே விட்டார். அன்று மத்தியானத்திலிருந்து ராத்திரி வரைக்கும் நாலு டிஸ்கையும் அப்படியே நகல் எடுத்தேன். அசலைத் தொடவே கூடாது, செய்வதெல்லாம் நகலில்தான். மறுநாள் காலை நகல்களைப் போட்டோவில் இருந்த வரிசையில் சேர்த்தேன். பட்டியல் வந்தது! வந்த வேகத்தில் முகமும் தொங்கிப்போனது. முந்தின நாள் காலையில் ஓடிய அந்த அரைகுறைத் திருத்தம் டிஸ்குகளின் முன்பகுதியைத் தின்றிருந்தது. கோப்புறைகள் பாதிக்கு மேல் காலி, அந்த அம்மாளுடையதும் காலி.

நல்லவேளை, இப்படிப்பட்ட அமைப்புகள் தங்கள் பொருளடக்கத்தின் பிரதியை டிஸ்கிலேயே வேறு இடங்களிலும் வைத்திருக்கும். அக்கா பிளக்கைப் பிடுங்கியதால் அந்த இடம் வரைக்கும் சேதம் போகவில்லை. அந்தப் பிரதியிலிருந்து ரிப்பேரை ஓட்டினேன். மத்தியானம் முடிந்தபோது கோப்புகள் ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தன, ஆனால் ஒன்றுக்கும் பெயரில்லை, வெறும் எண்கள். படத்துக்குள்ளேயே நோயாளியின் பெயர் இருக்கும், அதைப் படித்துப் பெயர் வைக்க ஒரு சின்ன நிரல் எழுத உட்கார்ந்தேன். அக்காவுக்குப் பொறுமையில்லை. படங்களைச் சும்மா ஓடவிடச் சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்கொட்டாமல் பார்த்தார். யார் யாருடைய நெஞ்சோ, தலையோ, முட்டியோ ஓடிக்கொண்டே இருந்தது.

"நிறுத்து நிறுத்து. இந்தம்மாதான். அந்த வெலா எலும்பப் பாரு, கோணிக்கினு சேர்ந்திருக்குது. வண்டியிலேருந்து உயுந்தாங்க."

உள்ளே இருந்த பெயரைத் திறந்து பார்த்தேன். அதே பெயர், அதே ஊர், இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. நான் போட்ட கூச்சலில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். வாழ்க்கையில் பரீட்சை எத்தனையோ பாஸ் பண்ணியிருக்கிறேன், எதிலும் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

சாயங்காலம் திண்டிவனத்தில் டாக்டரின் அறையில் அக்கா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். டாக்டர் கோபப்படத் தொடங்கியதும் நான் குறுக்கே புகுந்தேன். டிஸ்கைக் கழற்றியது அக்கா, ஆனால் பேக்கப் நின்றுபோனது தெரிந்தும் பார்க்காமல் விட்டது நான், பழைய வருடங்களை அழித்ததும் நான் என்றேன். அதைச் சொல்லும் எண்ணம் எனக்கு இருந்ததே இல்லை. அக்கா அப்படி நின்றபோது நான் மட்டும் எப்படி வாயை மூடிக்கொண்டு நிற்பது? டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முதலில் படத்தைக் காட்டுங்கள் என்றார். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று முறை அளந்தார். பிறகு ரிப்போர்ட்டைத் தானே டைப் செய்தார். எங்களைத் திட்ட வேண்டியதை மறந்துவிட்டாரோ, விட்டுக்கொடுத்தாரோ, இன்றுவரை தெரியாது.

இப்போது என்னிடம் நாலு பேர் வேலை பார்க்கிறார்கள். புதிய சர்வர்களில் டிஸ்க் வரிசை மாறினாலும் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும், படங்கள் வேறோர் ஊரிலும் பத்திரமாக ஏறிக்கொண்டிருக்கும். போன் வந்தால் என் ஆட்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "என்ன தொட்டீங்க? சொல்லுங்க, திட்ட மாட்டோம்." அன்றைக்குக் கற்றது அது. பேக்கப் மெயிலை மட்டும் இன்றும் நானே தினம் திறந்து பார்க்கிறேன்.

டாக்டர் ரிப்போர்ட் கொடுத்த மறுநாள் அந்த அம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் மிச்சப் படங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு திண்டிவனத்திலேயே இருந்தேன். நாலு மணிவாக்கில் கையில் ஒரு மஞ்சள் பையோடு அவரே நேராகச் சென்டருக்கு வந்துவிட்டார். கட்டி வளரவே இல்லையாம், அறுக்க வேண்டாமாம், ஆறு மாசம் கழித்து வந்து காட்டினால் போதுமாம், வேலைக்கும் போகலாமாம். நாளைக்கே கரும்புக் கொல்லைக்குப் போகிறேன் என்றார். அக்கா அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை, மேனேஜர் கர்ச்சீப்பைத் தேடினார். டிஸ்கும் தெரியாது, சர்வரும் தெரியாது அந்த அம்மாளுக்கு. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துப் பயந்துபோய்க் கேட்டார்.

"ஏம்மா அயுவுறீங்க? ஒண்ணுமில்லன்னுதான சொன்னாங்க?"