பேக்ஸ்பேஸும் பழவேற்காட்டுப் பாடும்

டெர்மினல் முன்னால் உட்கார்ந்து பிழைத்தவர்களுக்குத் தெரியும்: தப்பாக அடித்த எழுத்தைவிட, அதைத் திருத்தப் போகும் விசைதான் நம்மை அதிகம் படுத்தும்.

எண்பதுகளின் கடைசியில் பழவேற்காட்டு மீன்வளத் திட்ட அலுவலகம் ஒன்றில் ஒரு யூனிக்ஸ் கணினியும், திரையும் விசைப்பலகையுமாக இரண்டு டெர்மினல்களும் வந்து இறங்கின. அதில் வேலை பார்க்க என்னை மூன்று மாதச் சோதனையில் எடுத்தார்கள். ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை விடுவது என்று மீனவர்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒரு குப்பத்தின் பாடுப் பட்டியலை நான் அச்சிட்டுக் கொடுத்து, அவர்கள் ஒப்புக்கொண்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டில், பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுக்கப் போக வேண்டும்.

தொப்பி போட்ட எச்

முதல் நாள் பேக்ஸ்பேஸை அழுத்தினால் எழுத்து அழியவில்லை. ‘^H’ என்று தொப்பியோடு ஓர் எச் பக்கத்தில் வந்து நின்றது. மறுபடி அழுத்தினால் இன்னொன்று. கையேட்டைப் புரட்டி, அழிக்கும் விசை எது என்று இயந்திரத்துக்குச் சொல்லும் ‘stty erase’ கட்டளையை அடித்து, அந்த பேக்ஸ்பேஸையே ஒருமுறை அழுத்தி, என்டர் தட்டினேன். அடங்கியது. அதுவரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் ஜமீலா அக்கா சொன்னார்: “ஒரு தப்ப அழிக்கப் போனா அது இன்னா பொண்ணே, குட்டி போடுது?”

டெலீட்

அதிகாரிக்கு ஒரு பெயரில் ஒரே ஓர் எழுத்தை எடுக்க வேண்டியிருந்தது. டெலீட் என்று எழுதியிருக்கிறதே என்று அதை அழுத்தினார். அந்த இயந்திரத்துக்கு அந்த விசை ‘வேலையை நிறுத்து’ என்ற கட்டளை. காலையிலிருந்து அடித்தது அத்தனையும் போயிற்று. நிறுத்தும் வேலையைக் கன்ட்ரோல் சி-க்கு மாற்றினேன். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டினேன். அவர் படித்துவிட்டுச் சொன்னார்: “நான் ஒரு எழுத்தத்தாம்மா போகச் சொன்னேன். அது கடையையே சாத்திடுச்சு.”

அசையாத திரை

ஜமீலா அக்கா பெரிய எஸ் அடிக்கப் போய், ஷிஃப்டுக்குப் பதில் கன்ட்ரோலை அழுத்திவிட்டார். திரை உறைந்துவிட்டது. அவர் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி அந்தப் பக்கம் போய், கன்ட்ரோலோடு க்யூவை அழுத்தினேன். எல்லா எழுத்துகளும் ஒரே ஓட்டமாக ஓடி வந்தன. அவற்றைப் பார்த்து அக்கா கேட்டார்: “இவ்ளோ நேரம் எங்கடி போயிருந்தீங்க எல்லாரும்?”

பாடு

குப்பத்திலிருந்து தலைவர் எல்லையா இரண்டு பேரோடு வந்தார். அதிகாரியும் பக்கத்தில் இருக்க, சீட்டு விழுந்த வரிசையில் அவர் பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் ஆங்கில எழுத்தில் அடித்தேன். ஐந்தாவது பெயரில் விரல் வழுக்கியது. பேக்ஸ்பேஸைத் தட்டினேன், எழுத்து சுத்தமாக மறைந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

எல்லையா எழுந்துவிட்டார். “இன்னாம்மா பண்ணே இப்போ?”

“தப்பெழுத்த அழிச்சேண்ணே.”

“தடமே இல்லியே. எங்களுக்கு சீட்டு வுழுந்தா வுழுந்ததுதான். நாளைக்கு ஒருத்தன் பேர இப்புடித் தூக்கிட்டு இன்னொருத்தன போட்டா யாருக்குத் தெரியும்? வேணாம் சார். வாங்கப்பா, போலாம்.”

வாசல்வரை போய்விட்டார்கள். அதிகாரி என்னைப் பார்த்தார். அந்த அலுவலகத்தில் முதல் தடவையாக நான் குரலை உயர்த்தினேன்: “இருங்கண்ணே. அழிக்கிறத நிறுத்திடறேன்.”

ஒரே வரிதான் அடித்தேன், பேக்ஸ்பேஸ் பழையபடி ஆனது. தொப்பி போட்ட எச் திரும்பி வந்தது. முதலிலிருந்து அடித்தேன், மூன்று இடத்தில் தவறினேன். அச்சு இயந்திரத்துக்கு அந்த எச் ‘ஓர் எழுத்து பின்னால் போ’ என்ற கட்டளை. அச்சில் அந்த மூன்று இடத்திலும் தப்பெழுத்தின் மேலேயே சரியான எழுத்து கறுப்பாக ஏறியிருந்தது. நான் வாசிக்க வாசிக்க எல்லையா விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். கறுப்பான இடங்களில் மட்டும் நின்று பார்த்தார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கினார். “தப்பும் தெரிது, திருத்துனதும் தெரிது. இப்ப போடறேன் கையெழுத்து.”

மூன்று மாதம் விசைகளைச் சரிசெய்து கிடைக்காத வேலை, ஒரு விசையைக் கெடுத்ததும் கிடைத்தது.