மலையடிவாரத்தில் வைத்த நேரம்

போன வெள்ளிக்கிழமை ஒருவர் மலையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க மாட்டேன் என்றார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம்.

ராஸ் அல் கைமா மலை. துபாயிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். எல்லாம் நம்ம ஆட்கள்தான். ஆபீஸ் வேலை, புது ஷூ. இவர் கோயம்புத்தூர்க்காரர், மனைவியோடு வந்தவர். உச்சி கண்ணுக்கு எதிரே நிற்கிறது. அந்த இடத்தில் போய் "திரும்பலாம் சார்" என்றான் பிரேம்.

பிரேம் எங்கள் கைடு. நேபாளி. நான் வண்டி ஓட்டுகிறவன் — பழைய வாசகர்களுக்குத் தெரியும். வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர்ப் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி ஆளாக நடப்பதும் என் வேலைதான்.

அவர் என்னைப் பார்த்தார். "ஏனுங்க, நீங்களாச்சும் சொல்லுங்க. இவ்ளோ தூரம் வந்தாச்சு. இன்னும் கொஞ்சந்தான். அதா தெரியுது பாருங்க!"

பிரேம் வாட்சைக் காட்டினான். "டர்ன் அரவுண்ட் டைம், சார். கல்லாஸ்." முடிந்தது என்று அர்த்தம், அரபியில்.

அவர் மனைவிதான் முடித்துவைத்தார். "எந்திரிங்க. வீட்ல தண்ணி கேன் தூக்கச் சொன்னா இடுப்பு வலி. இங்க உச்சிதான் வேணுமாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். எழுந்தார். ஆனால் இறங்குகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்...

டர்ன் அரவுண்ட் டைம் என்றால் வேறொன்றுமில்லை. ஏறுவதற்கு முன்னால், கீழே நின்று, ஒரு நேரம் வைக்க வேண்டும். அந்த நேரம் வந்தால் எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் சரி. வெயில் ஏறிவிட்டால் இந்த மலையில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. இறங்குவதற்கும் தண்ணீர் மீதம் வேண்டும். அதனால் பிரேம் எல்லோரையும் அடிவாரத்தில் நிற்கவைத்து, நேரத்தை வாய்விட்டுச் சொல்ல வைப்பான். கோயம்புத்தூர்க்காரரும் சொன்னவர்தான். சத்தமாகவே சொன்னார்.

"நேரத்தை மேல போய் வச்சா என்ன?" என்று ஒருமுறை பிரேமிடம் கேட்டேன்.

"மேலே போனால் ஆசைதான் பேசும் பாய்" என்றான் இந்தியில். "கீழே நிற்கிறவன் வைக்கிற நேரம்தான் நேரம்."

என் இங்கிலீஷ் எல்லாம் இப்படி வந்ததுதான். நான் எட்டாவது வரை. ஊர் அறந்தாங்கிப் பக்கம். சுற்றிலும் தட்டை. ஊரிலேயே உயரமானது பஞ்சாயத்துத் தண்ணீர் டேங்க். அந்த ஊரில் உட்கார்ந்து 'மவுண்டன்' என்று பத்துத் தடவை எழுதினால் மண்டையில் ஏறுமா?

இங்கே ஏறியது. ட்ரெயில் — ஆள் நடந்து நடந்து விழுந்த தடம். ரிட்ஜ் — மலையின் முதுகு. ரெண்டு பக்கமும் பள்ளம். ஸ்க்ரீ — சரிவில் கொட்டிக் கிடக்கும் உதிரிக்கல். அதை யாரும் சொல்லித் தரவில்லை. விழுந்தேன். முட்டி பேர்ந்துவிட்டது. மருந்து போட்டுக்கொண்டே "ஸ்க்ரீ பாய், ஸ்க்ரீ" என்றான் பிரேம். மறக்குமா?

கற்றதை யாரிடமாவது சொல்ல வேண்டுமே. சித்ராவிடம் சொல்லுவேன். என் மனைவி. ஊரில் இருக்கிறாள்.

கல்ஃபில் இருக்கிறவனின் போன் பேச்சு உங்களுக்குத் தெரியாததா? சாப்பிட்டீங்களா. சாப்பிட்டேன். மழையா. இல்லை. அப்புறம்... அப்புறம்தான். அதற்குமேல் ரெண்டு பேருக்கும் பேச்சு வராது. வைக்கவும் மனசு வராது. லைனில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். ஊர் மின்விசிறி. அதையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் பேச ஒன்றுமில்லாமல் ரிட்ஜைச் சொன்னேன். சட்டென்று சொன்னாள்: "நான் அதுலதாங்க நடக்குறேன். இந்தப் பக்கம் உங்கம்மா. அந்தப் பக்கம் எங்கம்மா."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வார்த்தை. அவளும் காத்திருப்பாள்.

பேஸ் கேம்ப் — மலையடிவாரத்துக் கூடாரம் — சொன்ன வாரம், "அதுல யாரு இருப்பா?" என்றாள்.

"ஏறாதவங்க. சோறாக்கி வச்சிட்டு மேலயே பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"அப்ப எனக்குத் தெரிஞ்ச வேலைதான்."

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். விருந்தாளிகள் அடிவாரத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் வண்டி நிழலில் நின்று போன் போட்டேன். கம்பெனியில் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். பதில் திங்கட்கிழமை சொல்ல வேண்டும். சித்ராவுக்கும் தெரியும். ரெண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிரேம் நேரம் வைக்கிற விதத்தையும் கோயம்புத்தூர்க்காரர் கதையையும் சொன்னேன். சிரிப்பாள் என்று அவர் மாதிரியே பேசிக் காட்டினேன். "இவ்ளோ தூரம் வந்தாச்சு. இன்னும் கொஞ்சந்தான்."

சிரிக்கவில்லை.

"இந்தப் பேச்சை எங்கயோ கேட்டிருக்கேங்க" என்றாள்.

வந்து பதினோரு வருஷம். கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு தடவையும் நான் சொன்னதுதான்.

"நீங்க போகும்போது நேரம் வச்சீங்களா?"

"இல்ல."

"இப்ப வைங்க."

"மாடி பாக்கி கெடக்கே சித்ரா..."

"அதா தெரியுது. அதானே?"

வீட்டில் மாடிப்படி கட்டியாகிவிட்டது. மாடி இல்லை. ஏறினால் வானம். சித்ரா அதில் வடகம் காயப்போடுகிறாள்.

"மேல நிக்கிறவங்க வைக்கிற நேரம் செல்லாதுன்னு உங்க நேபாளிக்காரரே சொல்லிட்டாரு" என்றாள். "நாந்தானே கீழ நிக்கிறேன். நான் வைக்கிறேன். கவிதாவுக்குப் பத்தாவது முடியுது. கடைசிப் பரீட்சை எழுதிட்டு வெளிய வரும்போது, பள்ளிக்கூட வாசல்ல நீங்க நிக்கணும்."

கவிதா எங்கள் மகள். நான் இங்கே வரும்போது அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கவில்லை.

"சொல்லுங்க. வாய்விட்டுச் சொல்லணுமாமே."

சொன்னேன். சத்தமாகவே வந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கோயம்புத்தூர்க்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

திங்கட்கிழமை மானேஜர் முன்னால் நின்றேன். மலையாளி. நல்ல மனுஷன். பேப்பரைத் தள்ளினார். நான் பேனாவை எடுக்கவில்லை.

"எந்தா? வேற கம்பெனியா?"

"இல்ல சார். டர்ன் அரவுண்ட் டைம்."

"ஆரு வச்சது?"

"பேஸ் கேம்ப், சார்."

பேப்பரை மடித்து உள்ளே வைத்துவிட்டார். அவர் குடும்பமும் திருச்சூரில்தான் இருக்கிறது.